அந்த வாக்கியம் யாருடையது?

1/
கடந்த சில மாதங்களா, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோட பெற்றோர் பலர் எனக்கு ஒரே மாதிரி வீடியோக்களை அனுப்பி ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. வீடியோவில் பேச்சு வராத ஒரு குழந்தை. பக்கத்தில் ஒரு பெரியவர், ஆங்கில எழுத்துகள் அச்சடித்த ஒரு பலகையைக் கையில் பிடித்திருப்பார். குழந்தை பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடும். சேர்த்துப் படித்தால் அழகான வாக்கியம் வரும். "இது நிஜமா டாக்டர்? நம்ம பையனுக்கும் பண்ணலாமா?"

2/
ஆமாம், இல்லைன்னு ஒரு வரியில் சொல்லிட்டுப் போக மனசு வரல. இந்தப் பயிற்சிக்காக வேலையை விட்ட அம்மாக்களைத் தெரியும். நகையை அடகு வச்ச அப்பாக்களைத் தெரியும். அவங்களுக்குக் காரணத்தோட பதில் சொல்லணும். அதுக்கு உளவியல் முதலாண்டுப் பாடத்தில் வரும் ஒரு குதிரையிடம் இருந்து ஆரம்பிக்கிறேன். நீளமான இழை. பொறுமையா படிங்க.

3/
1904, பெர்லின். வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற குதிரைக்குப் பல வருடம் பாடம் நடத்தினார். கரும்பலகை எல்லாம் வைத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது போலவே. குதிரை குளம்பால் தரையைத் தட்டிப் பதில் சொல்லும். கூட்டல், கழித்தல், பின்னம், தேதி எல்லாம். எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்ததால் சொற்களைக்கூட எழுத்துக்கூட்டித் தட்டும்.

4/
ஏமாத்து வேலையா? மனுஷன் வேடிக்கை பார்க்க வந்தவங்ககிட்ட காசு வாங்கல. அவர் பக்கத்தில் இல்லாதபோது வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை சரியாகவே சொன்னது. உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. சர்க்கஸ் நடத்துபவர், கால்நடை மருத்துவர் என்று விலங்குகளோடு பழகியவர்கள் அதில் இருந்தார்கள். செப்டம்பர் மாதம் முடிவு சொன்னார்கள்: இதில் தந்திரம் எதுவும் இல்லை.

5/
நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கேயே நின்னுடுவோம். "அவ்வளவு பெரிய ஆளுங்களே பார்த்துச் சொல்லிட்டாங்களே!" ஆனா அந்தக் குழு சொன்னது, யாரும் ஏமாத்தலன்னு மட்டும்தான். குதிரைக்குக் கணக்கு தெரியும்னு சொல்லல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில்தான் ஆராய்ச்சி முறை என்கிற பாடமே ஆரம்பிக்குது.

6/
ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஒரு எளிய கேள்வி கேட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் என்ன ஆகும்?
ஃபான் ஓஸ்டன் குதிரையின் காதில் ஒரு எண்ணைச் சொல்வார். ஃபங்ஸ்ட் இன்னொரு எண்ணைச் சொல்வார். கூட்டிச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. கூட்டுத்தொகை தெரிந்திருக்க வேண்டியது குதிரைக்கு மட்டும்தான்.
31 முறை இப்படிச் செய்ததில் 3 முறைதான் சரி. விடை தெரிந்தவர் கேட்டபோது 31-க்கு 29 சரி.

7/
குதிரை கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் தடுமாறியது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தன்னையறியாமல் லேசாகக் குனிகிறார். குதிரை தட்ட ஆரம்பிக்கிறது. சரியான எண் வந்ததும் அவர் தலை மிக மிக லேசாக நிமிர்கிறது. குதிரை நிறுத்துகிறது. அவ்வளவுதான். ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது. மனுஷங்களைப் படிக்கத் தெரியும். அதுவும் நம்மைவிட நல்லாவே!

8/
எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுக்கு அப்புறம் வருது. ஃபங்ஸ்ட் ஆய்வகத்துக்குப் போய்த் தானே குதிரையாக நடித்தார். எதிரில் ஒருவர் ஒரு எண்ணை மனதில் நினைக்க வேண்டும். ஃபங்ஸ்ட் தட்டிக்கொண்டே வந்து அவர் உடம்பைப் பார்த்து நிறுத்துவார். 25 பேரில் 2 பேரைத் தவிர எல்லாரும் அதே சைகையைத் தந்தார்கள். யாருக்கும் தான் தலையை அசைத்தது தெரியாது. ரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபங்ஸ்டாலேயே குதிரை முன்னால் தன் அசைவை முழுசாக அடக்க முடியவில்லை.

9/
இதில் இருந்து வந்த பாடம்: விடை தெரிந்தவர் அறைக்குள் இருந்தால், பதில் யாருடையது என்று சொல்ல முடியாது. மருந்து ஆய்வுகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் எது நிஜ மருந்து, எது வெறும் மாத்திரை என்று தெரியாமல் வைக்கிறோமே, அந்த டபுள் பிளைண்ட் முறைக்குப் பின்னாலும் இதே எச்சரிக்கைதான் இருக்கு.

10/
டாக்டர்களும் விதிவிலக்கு இல்லை. கையால் பிரஷர் பார்த்த பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்க. 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே இருக்கும். ரத்தக் குழாய்க்குப் பூஜ்யத்து மேல ஆசை கிடையாது. ஆசை நம்ம கண்ணுக்கு. இதைத் தவிர்க்கவே, அளக்கிறவருக்கு நிஜ அளவு உடனே தெரியாதபடி தனிக் கருவி செய்து ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள்.

11/
1963-ல் ராபர்ட் ரோசன்தாலும் அவர் சக ஆய்வாளரும் 12 மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்தார்கள். சிலரிடம் "இது புத்திசாலி ரகம்", சிலரிடம் "இது மந்த ரகம்" என்றார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள்தான். ஆனாலும் "புத்திசாலி" எலிகள் பாதையை வேகமாகக் கற்றதாகவே முடிவு வந்தது. எதிர்பார்ப்பு கையில் இறங்கும், பார்வையில் இறங்கும், குறிக்கிற பேனாவிலும் இறங்கும்.

12/
கை தானாக நகர்வது நமக்குப் புதுசில்லை. ஹாஸ்டலில் டம்ளரைக் கவிழ்த்து வச்சு ஆவியோட பேசினவங்களுக்குத் தெரியும். "நான் தள்ளலடா, சத்தியமா!" என்று எல்லாருமே சொல்வாங்க. எல்லாருமே உண்மையைத்தான் சொல்றாங்க. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் பொய்யர் இல்லை. மனசு எதிர்பார்ப்பதைத் தசை சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. இதற்கு ஐடியோமோட்டார் என்று பெயர். 1853-லேயே மைக்கேல் ஃபாரடே, ஆவி நகர்த்துவதாகச் சொன்ன மேசையைத் தள்ளியது உட்கார்ந்திருந்தவர்களின் கைகள்தான் என்று சோதித்துக் காட்டினார்.

13/
இப்போ குழந்தைகளுக்கு வருவோம். 1970-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரோஸ்மேரி க்ராஸ்லி ஒரு முறையைத் தொடங்கினார். பேச முடியாதவரின் கையை ஒரு உதவியாளர் தாங்கிப் பிடிப்பார். அவர் எழுத்துகளைத் தொட்டு எழுதுவார். ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன் என்று பெயர். டக்ளஸ் பிக்லன் என்ற பேராசிரியர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1990-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அங்கே வேகமாகப் பரவியது.

14/
ஒண்ணும் புரியாதுன்னு ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் திடீர்னு கவிதை எழுதினாங்க. "அம்மா, ஐ லவ் யூ" என்று எழுதினாங்க. பத்து வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த அம்மாவிடம் போய் "இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற தைரியம் யாருக்கு வரும்? நம்பினவங்களை முட்டாள்னு நினைக்காதீங்க. அந்த இடத்தில் இருந்தா நானும் நீங்களும் நம்பியிருப்போம்.

15/
நியூயார்க் மாநிலத்தில் ஓ.டி. ஹெக் மையம் என்ற இடத்தில் இந்த முறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களே சோதித்தும் பார்த்தார்கள். முடிவு 1993-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ள 12 பேர், 9 உதவியாளர்கள். நடுவில் தடுப்பு. இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு படம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு படம். சில சமயம் ரெண்டும் ஒன்று, சில சமயம் வேறு வேறு. என்ன படம் என்று எழுத வேண்டும். ஃபங்ஸ்டின் அதே கேள்விதான்.

16/
படங்கள் வேறாக இருந்தபோது காகிதத்தில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். உதவியாளர் பார்க்காத படத்தின் பெயரை 12 பேரில் ஒருவரால்கூடச் சொல்ல முடியவில்லை. மற்ற இடங்களில் கட்டுப்பாட்டோடு நடந்த சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டின. 1994-ல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. அந்த உதவியாளர்கள் மோசடிக்காரர்கள் இல்லை. ஃபான் ஓஸ்டன் மாதிரி, முழு மனசோடு நம்பினவங்க.

17/
இது வெறும் விவாதமா இருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1992-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பேச்சு வராத ஒரு பள்ளி மாணவியின் கையைப் பிடித்து ஜேனிஸ் பாய்ன்டன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் எழுத வைத்தார். அந்த எழுத்து, குடும்பத்தினர் மேல் பாலியல் குற்றம் சாட்டியது. பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்தார்கள். வழக்கில் ஹோவர்ட் ஷேன் என்ற நிபுணர் இரண்டு படச் சோதனையைச் செய்தார். எழுத்தில் வந்தது பாய்ன்டன் பார்த்த படங்கள்.

18/
பாய்ன்டன் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார். அந்த முறையைக் கைவிட்டார். 2012-ல் தன் பெயரிலேயே ஆய்விதழில் நடந்ததை எழுதினார். இன்றுவரை இந்த முறைக்கு எதிராகப் பேசுகிறார். தான் உயிராக நம்பின ஒன்று தன் கையில் இருந்தே வந்தது என்று ஊருக்கு முன்னால் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! என் மாணவர்களிடம் ஃபங்ஸ்டைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இவரைப் பற்றியும் சொல்வேன்.

19/
"ஆனா டாக்டர், இப்போ நாங்க கையைத் தொடுறதே இல்லையே. போர்டைத்தான் பிடிக்கிறோம்." இதுதான் எனக்கு அடிக்கடி வரும் பதில். சரிதான். ரேபிட் ப்ராம்ப்டிங் மெத்தட் போன்ற புது முறைகளில் கையைப் பிடிப்பதில்லை. அந்த முறையை உருவாக்கியவர் சோமா முகோபாத்யாய். தன் மகனுக்காக ஒரு இந்தியத் தாய் ஆரம்பித்தது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு.
ஆனா ஒண்ணு யோசிங்க. ஹான்ஸையும்தான் யாரும் தொடல.

20/
காற்றில் பிடித்த பலகை அசையும். பிடித்திருப்பவரின் தோள் அசையும், மூச்சு மாறும், "ம்ம்... அடுத்தது" என்ற குரல் ஏறி இறங்கும். உங்ககிட்ட இருக்கிற வீடியோவைச் சத்தமில்லாமல் ஒருமுறை பாருங்க. எழுத்துகளை உற்றுப் பார்ப்பது யார்? குழந்தையா, பெரியவரா? பலகை ஒரே இடத்தில் நிற்கிறதா, பென்சிலை நோக்கி வருகிறதா?

21/
அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-ல் பழைய முறை, புது முறை இரண்டையும் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. 2019-ல் ரேபிட் ப்ராம்ப்டிங் பற்றி ஒரு தொகுப்பாய்வு நடந்தது. அதன் தகுதிக்கு உட்பட்ட ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிடறேன். 2020-ல் போர்டு பயன்படுத்தும் 9 பேரின் கண் அசைவை அளந்து, தொடுவதற்கு முன்பே கண் அந்த எழுத்துக்குப் போகிறது என்று ஒரு ஆய்வு வந்தது. ஆனா அதிலும் போர்டைப் பிடித்திருந்தது இன்னொருவர். உதவியாளருக்குத் தெரியாத ஒன்றை எழுதச் சொல்லும் அந்த ஒரு சோதனை அதில் இல்லை.

22/
2024-ல் ஒரு ஆங்கில பாட்காஸ்ட் பிரபலமானது. பேச்சு வராத ஆட்டிசம் குழந்தைகளுக்கு டெலிபதி இருக்கிறதாம். அம்மா மனதில் நினைக்கும் எண்ணைப் பிள்ளை போர்டில் தொட்டுக் காட்டுகிறானாம். நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுது. இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போ நானே விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது பிள்ளைக்கும் தெரிகிறது, அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்றால், அதற்கு அதிசயம் தேவையில்லை. பெர்லினிலும் அந்தக் காலத்தில் சிலர் ஹான்ஸுக்கு மனசைப் படிக்கும் சக்தி இருக்கு என்றுதான் சொன்னார்கள்.

23/
"சோதிச்சுப் பார்க்கிறது குழந்தையை நம்பாத மாதிரி, அது அவமானம்" என்கிறார்கள். ரத்தம் ஏற்றும் முன் பையில் உள்ள பெயரையும் நோயாளி பெயரையும் இருமுறை சரிபார்க்கிறோம். அது நோயாளிக்கு அவமானமா? அவர் உயிருக்குக் கொடுக்கும் மரியாதை. ஒரு பிள்ளையின் பெயரில் வரும் வார்த்தை அந்தப் பிள்ளையுடையதுதானா என்று பார்ப்பதும் அப்படித்தான். சோதிக்கப்படுவது குழந்தை இல்லை, பலகையைப் பிடித்திருக்கும் கை.

24/
இதைச் சொல்லும்போது ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "அப்போ என் பையனுக்குள்ள ஒண்ணுமே இல்லையா டாக்டர்?"
இல்லைம்மா. அந்தச் சோதனை அவன் அறிவை அளக்கவே இல்லை. அந்த வாக்கியம் அவனுடையதா என்று மட்டும்தான் கேட்டது. அவனுக்குள் எவ்வளவு இருக்கு என்று எனக்கும் தெரியாது, போர்டைப் பிடிப்பவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நாம அவன் இடத்தில் பேசுவதை நிறுத்தணும்.

25/
எனக்கு வந்த ஒரு வீடியோவில் பிள்ளை கையை இழுத்துக்கொள்கிறான், எழுந்து போகப் பார்க்கிறான், முகத்தைத் திருப்புகிறான். அவனைத் திரும்ப உட்கார வைக்கிறார்கள். போர்டில் வந்த வாக்கியம்: "எனக்கு இந்த வகுப்பு ரொம்பப் பிடிக்கும்." அந்த அறையில் ரெண்டு செய்தி இருந்தது. ஒன்றை அவன் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் படித்தது இன்னொன்றை. நான் பயப்படுவது இதற்குத்தான். காசு போனால் சம்பாதிக்கலாம்.

26/
ஏற்கெனவே இந்தப் பயிற்சியில் இருக்கீங்களா? சண்டை வேண்டாம், சாபம் வேண்டாம். போர்டைப் பிடிப்பவரை வெளியே அனுப்புங்க. பிள்ளைக்குப் பிடித்த, பழகின ஒரு பொருளைக் காட்டுங்க. பந்து, பிஸ்கட், அப்பாவோட வண்டிச் சாவி. எடுத்து மறைச்சு வச்சுட்டு அவரைக் கூப்பிடுங்க. "இப்போ என்ன பார்த்தே?" என்று கேட்கச் சொல்லுங்க. ஒரு தடவை தவறினால் அதைப் பெரிசு பண்ணாதீங்க. வேறு வேறு நாளில், பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது, பத்துப் பதினைந்து முறை பாருங்க. தொடர்ந்து சரியா வந்தா எனக்கு எழுதுங்க. என்னைவிடச் சந்தோஷப்படுற ஆள் இருக்க மாட்டாங்க.

27/
ஆட்டிசம் உள்ள சிலர் யாரும் பிடிக்காமல், தனியாக டைப் செய்து அழகாகப் பேசுகிறார்கள். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வித்தியாசம் இதுதான்: கீபோர்டு மேசை மேல் இருக்கும், விரல் அவருடையது, அறையில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தி வரும்.

28/
சரி, வேற என்ன வழி? பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிங்க. அடுத்து ஸ்பீச் தெரபிஸ்ட் துணையோடு படங்கள், சைகைகள், டேப்லெட் மூலம் பேசப் பழக்கலாம். ஒரு பட அட்டையை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும் என்பதில் இருந்து தொடங்கும் பெக்ஸ் முறை இருக்கு. படம் தொட்டால் பேசும் ஆவாஸ் செயலி நம்ம சென்னையில் உருவானதுதான். "படம் பழகினா பேச்சு வராமப் போயிடுமோ" என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

29/
எங்கே போறதுன்னு தெரியாதவங்க, உங்க மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தை அரசு மருத்துவமனையில் விசாரிங்க. சென்னைப் பக்கம் இருந்தா முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு. எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. "நீங்க இல்லாதப்பவும் என் பிள்ளை இதைச் செய்வானா?" "எத்தனை நாள்ல உங்க உதவியைக் குறைப்பீங்க?" பதிலைக் கேட்டாலே பாதி புரிஞ்சிடும்.

30/
இந்த வழியில் முதல் வருஷத்தில் கவிதை வராது. "தண்ணி" வரும். "இன்னும்" வரும். "வேண்டாம்" வரும். "வேண்டாம்" அட்டையைப் பிள்ளை தானா எடுத்து உங்க கையில் வைக்கிற அன்னைக்கு எரிச்சல் படாதீங்க, தெரபியை அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. அது அவன் சொன்னது. வேற யாரும் சொல்லித் தரல.

31/
கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த இழையை யாருக்கு வேணா அனுப்புங்க. ஆனா போர்டு வகுப்புக்குப் போற எந்த அம்மா அப்பாவையும் கேலி பண்ண இதைப் பயன்படுத்தாதீங்க. அவங்க செஞ்சது, தன் பிள்ளை என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதுதான். கேள்விகள் இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு வந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.